பொறுப்பு சொன்னவன்

என் மகள் லாரி ஓட்டுகிறாள். யார் கேட்டாலும் இப்போது இப்படித்தான் சொல்கிறேன். முன்பெல்லாம் "மில்லில் வேலை பார்க்கிறாள்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன். அவள் மில்லை விட்ட பிறகும் கொஞ்ச காலம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். காலையில் மலைக்கோட்டை அடிவாரத்தில் என்னோடு நடக்கிறவர்கள் எல்லாரும் ஓய்வுபெற்றவர்கள். நடப்பதைவிடப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதுதான் அங்கே அதிகம். யாருடைய மகன் எந்த நாட்டில் இருக்கிறான், யாருடைய மகளுக்குப் பதவி உயர்வு வந்தது என்று பேசிக்கொண்டே ஒரு சுற்று முடிந்துவிடும். அந்தப் பேச்சுக்குள் ஒரு லாரியை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் செய்த தப்பு அங்கிருந்துதான் தொடங்கியது. பயத்தில் செய்தேன் என்று பிறகு சிலரிடம் சொல்லியிருக்கிறேன். பயமும் இருந்தது. ஆனால் முதலில் வந்தது வெட்கம்தான்.

அவளுடைய கல்யாணம் நிலைக்கவில்லை. சின்னப் பெண் குழந்தையோடு என் வீட்டுக்கே திரும்பி வந்தாள். என் மனைவி அதற்கு முன்பே காலமாகிவிட்டாள். அதனால் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். வேடசந்தூர் சாலையில் ஒரு நூல் மில்லில் அவளுக்கு வேலை கிடைத்தது. லாரிகளுக்குச் சரக்கு ஏற்றி அனுப்பும் பிரிவில் உட்காரும் வேலை. சாயங்காலம் வந்து சோறு போடும்போது, இன்றைக்கு வந்த டிரைவர் ஒரே இழுப்பில் வண்டியைப் பின்னால் கொண்டுவந்து கதவுக்கு நேராக ஒட்டி நிறுத்தினார் என்பாள். இன்னொருவர் நாலு தடவை முன்னும் பின்னும் போய்த் தடுமாறினார் என்பாள். கையில் இருக்கிற கரண்டியையே ஸ்டீயரிங் மாதிரி திருப்பிக் காட்டுவாள். நான் செய்தித்தாளைப் பார்த்தபடி தலையாட்டுவேன். அதை ஆசை என்று எடுத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை.

மில்லின் சின்ன வேனுக்கு டிரைவர் வராத நாட்களில் அவளே அதை எடுத்துக்கொண்டு போகத் தொடங்கினாள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுநர் பள்ளிக்குப் போனாள். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஓர் அட்டையை வைத்தாள்.

"என்னம்மா இது?"

"ஹெவி லைசென்சுப்பா. கெடச்சிருச்சு."

"எதுக்கு?"

"ஓட்டத்தான். பின்ன, சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சுக் கும்புடவா வாங்குனேன்?"

பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

பழனி சாலைப் பக்கம் ஒரு லாரி ஷெட் இருக்கிறது. அதை நடத்துகிறவர் பள்ளியில் என்னிடம் கணக்குப் படித்தவர். இவள் வேலை கேட்டுப் போனபோது யார் மகள் என்று தெரிந்து நாற்காலி போட்டு உட்காரவைத்திருக்கிறார். அப்புறம் ஒரு லாரியை எடுத்து ஓட்டிக் காட்டச் சொன்னாராம். பைபாஸ் வரை போய் நன்றாகவே திரும்பி வந்திருக்கிறாள். கடைசியில் ஷெட்டுக்குள் ரிவர்ஸ் எடுக்கும்போது வண்டியின் பின்பக்கம் ஒரு காலி எண்ணெய் டிரம்மில் பட்டு, டிரம் உருண்டு வாசல் வரை ஓடியிருக்கிறது. அங்கிருந்த டிரைவர்கள் சிரித்தார்கள். இவளும் இறங்கி நின்று சிரித்தாள். "காலி டிரம்முதானம்மா, போகட்டும். சாரை ஒரு தடவ வரச் சொல்லு" என்று முதலாளி சொல்லி அனுப்பினார்.

என்னை ஏன் வரச் சொன்னார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்து ஷெட்டுகளில் ஒரு பழக்கம் உண்டு. லைசென்ஸைப் பார்ப்பார்கள், ஓட்டச் சொல்லிப் பார்ப்பார்கள். ஆனால் அது மட்டும் போதாது. புது டிரைவருக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் ஷெட்டுக்கு வந்து, நாலு பேர் கேட்க, "இதுக்கு நான் பொறுப்பு" என்று சொல்ல வேண்டும். எழுதி வாங்குவதெல்லாம் இல்லை. சொன்னால் போதும். அப்படிச் சொன்னவர் கைக்குத்தான் முதலாளி சாவியைக் கொடுப்பார். அவர் அதை டிரைவரிடம் கொடுப்பார்.

"அப்பா, நாளைக்குச் செத்த நேரம் ஷெட்டு வரைக்கும் போயிட்டு வாரீங்களா? எனக்குப் பொறுப்பு சொல்லணும்" என்று கேட்டாள். மறுநாள் அவளுக்கு மில் இருந்தது. போகும் முன் என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் மாட்டிவிட்டுப் போனாள்.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போனேன்.

முதலாளி எழுந்து நின்று வரவேற்றார். டீ வந்தது. "சொல்லுங்க சார். நம்ம தங்கச்சிக்கு வண்டி குடுத்துரலாமா? கை சுத்தமா இருக்கு சார். டிரம்மு பட்டது எடம் பழகாததுனாலதான்" என்றார்.

நான் டீயைக் குடித்து முடித்தேன். அதுவரை நான் ஒன்றும் தீர்மானித்திருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். டம்ளரைக் கீழே வைத்தபோது வாய் தானாகப் பேசியது.

"உன்கிட்ட மறைக்கக் கூடாதுப்பா. அவளுக்குச் சின்ன வயசுல இருந்தே வலிப்பு உண்டு. எப்ப வரும்னு சொல்ல முடியாது."

அவர் முகம் மாறிவிட்டது. பக்கத்தில் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வயதான டிரைவர் ஒருவர் தட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "நல்லவேளை சொன்னீங்க சார். வேற யாரா இருந்தாலும் சொல்லிருக்க மாட்டாங்க" என்று முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார். "தங்கச்சிகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. மனசு சங்கடப்படும்."

நடந்தது இதுதான்: அவளுக்கு மூன்று வயதாக இருந்தபோது கடும் காய்ச்சலில் ஒரே ஒரு தடவை உடம்பு வெட்டி இழுத்தது. குழந்தைகளுக்குக் காய்ச்சலில் இப்படி வருவதுண்டு, இனி வராது என்று டாக்டர் சொன்னார். வரவில்லை. அன்றைக்கு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் நான். அந்த ஒரு நாளை எடுத்து, அவளுடைய பிழைப்பைத் தடுக்க ஷெட்டில் கொண்டுபோய் வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆவலோடு கேட்டாள். "என்னப்பா சொன்னாங்க?"

"பாத்துச் சொல்றேன்னாங்கம்மா."

"நீங்க பொறுப்பு சொன்னீங்கல்ல?"

"சொன்னேன்" என்றேன்.

முதலாளி அவளிடம் சொல்லவில்லை. ஆனால் டயர் தட்டிக்கொண்டிருந்தவருக்கு அப்படி ஒரு தயக்கமும் இருக்கவில்லை. டீக்கடை, பங்க், எடை போடும் இடம் என்று லாரிக்காரர்கள் நிற்கிற இடமெல்லாம் அந்தப் பேச்சு போயிருக்கிறது. கெட்ட எண்ணத்தில் அல்ல. பாவம், வாத்தியார் மகளுக்கு இப்படி ஒரு சங்கடம் என்று. அவள் அடுத்தடுத்த ஷெட்டுகளுக்குப் போனாள். எல்லா இடத்திலும் மரியாதையாக உட்காரவைத்தார்கள், மரியாதையாக அனுப்பினார்கள். பாத்துச் சொல்றோம்மா. ஒரு இடத்தில் மட்டும், "உடம்பைப் பாத்துக்கம்மா" என்று சொல்லியிருக்கிறார்கள். பெண் என்பதால் அப்படிச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் தனக்கு வேலை கிடைக்காததற்கு உண்மையான காரணம் அந்த டிரம்தான் என்று எப்படியோ அவள் மனதில் பதிந்துவிட்டது. "ரிவர்ஸ்ல கோட்டை விட்டுட்டேன்பா. அது எல்லா ஷெட்டுக்கும் தெரிஞ்சிருக்கும். டிரம்ம இடிச்ச பொம்பளைன்னு பேராயிருச்சு" என்றாள். அது இல்லை என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

அதற்குள் மில் வேலையை விட்டிருந்தாள். ஓட்டுநர் பள்ளியில் கெஞ்சி அவர்களுடைய பழைய லாரியைக் காலை வேளைகளில் வாங்கிக்கொண்டு, தண்ணீர் வற்றிக் கிடந்த குளத்துக்குள் கொண்டுபோய்ப் பழகினாள். வீட்டிலிருந்த பிளாஸ்டிக் குடங்களை வரிசையாக வைத்து, அவற்றுக்கு நடுவே வண்டியைப் பின்னால் கொண்டுவருவாள். பின்னால் நின்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். என்னை அழைத்தாள்.

"பாடியில ரெண்டு தட்டு தட்டுனா வரலாம்னு அர்த்தம்பா. ஒரு தட்டுன்னா ஓல்டான், நிப்பாட்டணும். நான் கண்ணாடியப் பாக்க மாட்டேன், உங்க கையத்தான் நம்பி வருவேன். ஒழுங்காப் பாத்துத் தட்டணும், சரியா?"

அப்படித்தான் அந்தக் காலைகள் போயின. கருவேல மரங்களுக்கு மேல் வெயில் ஏறும்வரை நான் லாரியின் பின்னால் நின்று தட்டிக்கொண்டிருப்பேன். அவள் என் கையை மட்டும் நம்பி அத்தனை பெரிய வண்டியை என்னை நோக்கிக் கொண்டுவருவாள். ஒரு குடத்தில் பட்டால்கூட இறங்கி வந்து, அது எந்த இடத்தில் பட்டது என்று குனிந்து பார்த்துவிட்டு மறுபடி ஏறுவாள். தோளும் கழுத்தும் வலித்து, ராத்திரி தைலம் தேய்த்துக்கொள்வாள். இல்லாத குறையைத் திருத்த அவள் அப்படி உழைப்பதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அவள் தூக்குவாளியில் கொண்டுவந்த கம்மங்கூழை எனக்கு முதலில் ஊற்றித் தருவாள். சொல்லாமல் வாங்கிக் குடித்துவிடுவேன்.

ஒரு நாள் குடங்களை எல்லாம் எடுத்துச் சாக்கில் கட்டினாள்.

"போதும்பா. நான் மில்லுக்கே திரும்பப் போய்க் கேக்குறேன்."

"ஏம்மா?"

"நீங்களே வந்து பொறுப்பு சொல்லியும் ஒருத்தரும் வண்டி குடுக்கலைன்னா எங்கிட்டதான் என்னமோ சரியில்ல. உங்க பேச்சுக்கு ஊர்ல எம்புட்டு மருவாதி இருந்துச்சு. என்னால அதுவும் போச்சு. மன்னிச்சுக்கங்கப்பா."

சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் அந்தக் குளத்துக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றேன். என்னிடம் போய் அவள் மன்னிப்புக் கேட்டாள்.

அன்றைக்கே ஷெட்டுக்குப் போனேன். முதலாளியும் அந்த டயர் தட்டும் டிரைவரும் வாசலிலேயே இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

"அன்னைக்கு நான் சொன்னது பொய்ப்பா. அவளுக்கு வலிப்பு கிடையாது" என்றேன்.

இதைச் சொல்வது கஷ்டம் என்றுதான் நினைத்திருந்தேன். சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று நினைக்கவில்லை.

முதலாளி இரக்கத்தோடு என்னைப் பார்த்தார். "சார், பிள்ள வீட்டுல அழுகுதா?"

"அதுக்காகச் சொல்லல. நெசமாவே அன்னைக்குச் சொன்னது பொய்."

"நீங்க ஏன் சார் பொய் சொல்லப் போறீங்க? பொய் சொன்னா எங்கள எல்லாம் மைதானத்துல வெயில்ல நிப்பாட்டுன ஆளு நீங்க."

டிரைவர் பீடியை அணைத்தார். "வாத்தியாரு இப்ப மகளுக்கு மார்க்கத் திருத்திப் போட வந்திருக்காரு மொதலாளி."

"ஏலே, சும்மா இருப்பா." முதலாளி என் பக்கம் திரும்பினார். "சார், ஒண்ணு அன்னைக்குச் சொன்னது பொய்யா இருக்கணும், இல்ல இன்னைக்குச் சொல்றது. நான் எதைன்னு நம்புறது?"

"அன்னைக்குச் சொன்னதுதான் பொய்."

"அதையும் நீங்கதான சார் சொல்றீங்க!"

அவர் கேட்டதில் தப்பில்லை. என் வாய்ச்சொல்லை நானே செல்லாததாக்கிவிட்டு அங்கே போய் நின்றேன். மூன்று வயதில் வந்த காய்ச்சலைச் சொன்னேன், டாக்டர் சொன்னதைச் சொன்னேன். லைசென்ஸுக்கு டாக்டர் சான்று கொடுத்திருக்கிறாள் என்றேன். "அது எல்லாப் பயலும்தான் வச்சிருக்கான்" என்றார் டிரைவர். கடைசியில், ஏன் பொய் சொன்னேன் என்று முதலாளி கேட்டார்.

"மக லாரி ஓட்டுறான்னு வெளியில சொல்ல வெக்கமா இருந்துச்சுப்பா" என்றேன்.

லாரியை வைத்தே பிழைக்கிற இரண்டு பேரின் முன்னால் நின்று இதைச் சொன்னேன். டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கிண்டல் செய்வார் என்று எதிர்பார்த்தேன். "எம்மகளும் ஸ்கூல்ல படிக்கையில எம்பேர மட்டுந்தான் சொல்லும், தொழிலச் சொல்லாது" என்று மட்டும் சொல்லிவிட்டு, டயர்ப் பக்கம் போய்விட்டார்.

"அவ ஓட்டுற வண்டியில நானும் ஏறிப் போறேன். முதல் ட்ரிப்பு, போகவும் வரவும். எனக்குப் பேரப்பிள்ளை இருக்கா. வலிப்பு இருக்குன்னு தெரிஞ்சா நான் ஏறுவேனா?" என்று கேட்டேன்.

முதலாளி நின்றிருந்த லாரியின் கேபினை ஏறிட்டுப் பார்த்தார். "கிளீனராவா சார் போவீங்க?" என்றார்.

"ஆமா."

"சார், நீங்க வெயில்ல நிக்கிறீங்க. மொதல்ல இங்கிட்டு நெழலுக்கு வாங்க" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார்.

அவளிடம் முதலாளியே போனில் பேசினார். தேனிக்கு மாட்டுத்தீவன மூட்டைகள், திரும்பும்போது வத்தலக்குண்டுப் பக்கம் தேங்காய். முதல் தடவை என்பதால் சார் சும்மா துணைக்கு வரட்டும் என்று சொல்லியிருக்கிறார். போனை வைத்துவிட்டு அவள் குழந்தையைத் தூக்கிச் சுற்றினாள். "பாத்தீங்களாப்பா, கொளத்துல பழகுனது வீணாப் போகல! எவனோ பாத்துட்டுப் போய்ச் சொல்லிருக்கான்."

இதை இப்படியே விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியதையும் எழுதிவிடுகிறேன். அவளுக்கு வண்டி கிடைத்துவிட்டது. காரணம் எதுவாக இருந்தால் என்ன? அந்த ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் ஷெட்டில் வண்டிக்குப் பூ சாத்தி, சூடம் காட்டி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். அவள் மில்லுக்குப் போகும் சுடிதாரின் மேல் காக்கிச் சட்டை போட்டிருந்தாள். முதலாளி சாவியை என் கையில் கொடுத்தார். நான் அவள் கையில் கொடுத்தேன். அவள் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அத்தனை பேருக்கு நடுவில் சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டாள்.

முதலாளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். ராத்திரி வந்த நிம்மதி அதோடு போயிற்று.

செம்பட்டி தாண்டும்வரை அவள் ரோட்டிலேயே கண்ணாக இருந்தாள். வத்தலக்குண்டு கடந்ததும் வலது பக்கம் மலை நெருங்கி வந்தது. கொஞ்சம் தெளிந்து, "என்னப்பா, பயமா இருக்கா? கம்பிய அம்புட்டு இறுக்கமாப் பிடிச்சிருக்கீங்க" என்று சிரித்தாள். லாரியின் உயரத்திலிருந்து நான் அந்தச் சாலையைப் பார்த்ததே இல்லை. எத்தனையோ தடவை பஸ்ஸில் போன சாலை. வேலிகளுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தோட்டமும் கிணறும் முழுசாகத் தெரிந்தன. நன்றாக ஓட்டினாள். ஒரு குலுக்கல் இல்லை. வேகத்தடை வந்தால், "அப்பா, தடை" என்று முன்கூட்டியே சொல்வாள்.

தேனியில் தீவனக் குடோன் ஒரு சந்துக்குள் இருந்தது. லோடுமேன் ஒருவர் என்னிடம் வந்து, "அண்ணே, அப்படியே ரிவர்ஸ்ல உள்ள விடுங்க" என்றார்.

"டிரைவர் மேல இருக்காங்க. நான் கிளீனர்" என்றேன்.

அவர் கேபினை நிமிர்ந்து பார்த்தார், என் நரைத்த தலையைப் பார்த்தார். "நல்லாருக்கே சேர்மானம்!" என்றார்.

சந்தின் ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் சாக்கடை. நான் பின்னால் போய் நின்றேன். "வரலாமாப்பா?" என்று மேலிருந்து குரல் வந்தது. இரண்டு தட்டு தட்டினேன். வந்தாள். மறுபடி தட்டினேன். கொஞ்சமும் தயங்காமல் வந்தாள். கதவுக்கு நேராக வந்ததும் ஒரு தட்டு. வண்டி அந்த இடத்திலேயே நின்றது. ஒரே இழுப்பு. லோடுமேன்கள் கை தட்டினார்கள். அவள் கேபினிலிருந்து எட்டிப் பார்த்து, "டிரம்மு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுச் சிரித்தாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும்போது நாங்கள் வண்டியின் நிழலில் உட்கார்ந்தோம். தயிர்சாதமும் வெஞ்சனத்துக்கு உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். எனக்கு முதலில் வைத்தாள். சாப்பிடாமல் சொன்னேன். வலிப்பு என்று சொன்னதை, அது மற்ற ஷெட்டுகளுக்குப் பரவியதை, குளத்தில் நின்றபோதெல்லாம் சொல்லாமல் இருந்ததை. வெட்கத்தால் சொன்னேன் என்பதையும் மறைக்கவில்லை.

அவள் கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது.

"அப்ப அந்த டிரம்மு?"

"டிரம்முக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. அன்னைக்கே உனக்கு வண்டி குடுக்குறதாத்தான் இருந்தாரு."

"நான் தெனமும் கனவுல அந்த டிரம்ம இடிச்சுக்கிட்டு இருந்தேன்பா" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. எங்கோ வலிக்கிறது என்று டாக்டரிடம் சொல்வதைப் போலச் சொன்னாள். கையிலிருந்த சோற்றைத் திரும்ப டப்பாவிலேயே வைத்து மூடினாள். கை கழுவிவிட்டு, மூட்டை எண்ணுகிற இடத்துக்குப் போய் நின்றுகொண்டாள். போகும்போது, "நீங்க சாப்பிடுங்க. மாத்திரை போடணும்" என்றாள்.

திரும்பும் வழியில் வத்தலக்குண்டு தாண்டி ஒரு தென்னந்தோப்பில் தேங்காய் ஏற்ற வேண்டும். மண் பாதை. மரங்களுக்கு நடுவே பின்னால் போக வேண்டும். நான் இறங்கி வழக்கம்போலப் பின்னால் போனேன். பாதையைப் பார்த்தேன். இடைஞ்சல் ஏதும் இல்லை. இரண்டு தட்டு தட்டினேன்.

வண்டி அசையவில்லை.

கேபின் கதவு திறந்தது. அவள் இறங்கி வந்தாள். என் பக்கத்தில் நின்று, இரண்டு பக்கமும் மரங்களைப் பார்த்தாள். சக்கரம் போகும் தடத்தில் நடந்து, மண்ணைக் காலால் அழுத்திப் பார்த்தாள். மறுபடி ஏறிப் போய், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, தானாகவே பின்னால் வந்தாள். நான் ஒதுங்கி நின்றேன். என் கை பாடியின் மேலேயே இருந்தது. தட்டவில்லை.

தேங்காய் ஏறிய வண்டி ஊர் திரும்பும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. செம்பட்டிக்கு முன்னால் ஒரு வேகத்தடை வந்தது. "அப்பா, பிடிச்சுக்கங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு திண்டுக்கல் வரை வந்துசேர்ந்தேன்.

அதற்குப் பிறகு மற்ற ஷெட்டுகளுக்கும் போய், நான் சொன்னது பொய் என்று சொன்னேன். சில பேர் நம்பினார்கள். சில பேர் தலையை ஆட்டி அனுப்பினார்கள். அவள் வண்டி வாரம் தவறாமல் போய் வருவதைப் பார்த்த பிறகுதான் எல்லாரும் நம்பினார்கள். நான் சொன்னதால் அல்ல. நடக்கப் போகிற இடத்திலும் ஒரு காலையில் சொன்னேன். ஒருவர், "லாரியா? ஏன் சார்?" என்றார். "பிடிச்சிருக்காம்" என்றேன். அடுத்த சுற்றில் சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். இதற்காகவா அத்தனையும் செய்தேன் என்று இருந்தது.

அவள் என்னை வெறுக்கவில்லை. ஒட்டன்சத்திரத்திலிருந்து வரும்போது எனக்குப் பிடிக்கும் என்று பிஞ்சு வெண்டைக்காய் வாங்கி வருகிறாள். கேரளாப் பக்கம் போனால் வழியில் சாப்பிட்டதை எல்லாம் வந்து சொல்கிறாள். கரண்டியைத் திருப்பிக் காட்டும் பழக்கம் போகவில்லை. இப்போது நான் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறேன். அன்றைக்கு நான் சொன்னதைப் பற்றி மட்டும் அவள் ஒரு தடவைகூடப் பேசியதில்லை.

எங்கள் தெரு முனையில் ஒரு காலி இடம் இருக்கிறது. லோடு இறக்கிவிட்டுச் சில நாள் வண்டியை அங்கே கொண்டுவந்து நிறுத்துவாள். ஹாரன் கேட்டதும் நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவேன். பின்னால் போய் நிற்பேன். பார்த்துவிட்டு இரண்டு தட்டு தட்டுவேன். அவள் இறங்கி வருவாள். ஒரு தடவை சுற்றிப் பார்ப்பாள். அப்புறம் ஏறிப் பின்னால் வருவாள். ஒரு நாளும் இது மாறியதில்லை. நல்ல டிரைவர்கள் அப்படித்தான் செய்வார்கள், யார் நின்றாலும் இறங்கிப் பார்ப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் குளத்தில் அவள் அப்படிப் பார்த்ததில்லை.

போன வாரம் பள்ளிக்கூடம் லீவு. பேத்தியும் என்னோடு ஓடி வந்தாள். நான் பார்த்துத் தட்டினேன். அவள் அம்மா இறங்கி வந்தாள். எட்டு வயதுக் குழந்தைக்கு எல்லாம் கேள்விதான்.

"ஏம்மா இறங்குற? தாத்தாதான் பாத்துட்டாருல்ல, வரலாம்னு தட்டுனாருல்ல?"

அவள் குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு குழந்தையின் தலையில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"தாத்தாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாதுடி. வயசாயிருச்சுல்ல" என்றாள்.

இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் முடிந்து, டாக்டரே ஆச்சரியப்படும்படி எனக்குப் பார்வை தெளிவாக இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்ச் சொட்டு மருந்து விட்டவள் அவள்தான்.

பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்து தாத்தா, இங்கிட்டு கல்லு கெடக்கு" என்று சொல்லி என்னை மெதுவாக ஓரத்துக்கு அழைத்துப்போனாள்.

"ஆமாடா தங்கம். தெரியலதான்" என்றேன்.

மகள் ஏறிக் கதவைச் சாத்தினாள். வண்டி உறுமியது. வர வேண்டிய இடம் அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டி, வெயிலில் சூடேறிக் கிடந்த பாடியில் இரண்டு தட்டு தட்டினேன்.